அம்மாவின் முதியோர் பணம் நின்றுவிட்டது. சட்டசபையில் கேட்க எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள், எப்படி எழுதுவது?

பீடிக்கார அம்மாவின் மகள்:

எல்லோருக்கும் வணக்கம். வேலூர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், குடியாத்தத்துக்கும் பேரணாம்பட்டுக்கும் நடுவில் இருக்கிற ஒரு கிராமம் எங்களுடையது. நான் ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் வேலை செய்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. பத்து வயதில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்ற உட்கார்ந்தவர். கண் மங்கியதால் இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் முறத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார். உடம்பு நன்றாக இருந்த நாட்களில் ஆயிரம் பீடி சுற்றுவார். இலையை நனைத்து, வெட்டி, தூள் வைத்து, உருட்டி, நூல் கட்டி, நுனியை நகத்தால் மடக்கி மூடுகிறவரை எல்லாம் வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான். இன்றைக்கு அந்தக் கட்டைவிரலைத் தொட்டுப் பார்த்தால் புளியங்கொட்டை மாதிரி வழவழவென்று இருக்கிறது. ரேகையே கிடையாது.

அப்பா போன பிறகு அம்மாவுக்கு ஓ.ஏ.பி. என்கிற முதியோர் ஓய்வூதியப் பணம் வந்துகொண்டிருந்தது. ஆயிரமாக இருந்து, 2023 ஆகஸ்டிலிருந்து 1,200 ஆனது. மாதாமாதம் பேங்க் சார்பாக ஒரு தம்பி கைரேகை மெஷினோடு மாரியம்மன் கோயில் திண்ணைக்கு வருவார். வரிசையில் உட்கார்ந்து விரல் வைத்து வாங்கிக்கொள்வார்கள். ஒரு மாதம் அம்மாவின் விரலை மெஷின் எடுக்கவில்லை. துணியால் துடைத்து, எண்ணெய் தடவி, பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தும் எடுக்கவில்லை. "அடுத்த மாசம் பாக்கலாம் பாட்டி" என்றார் அந்தத் தம்பி. நல்ல பிள்ளை, அவர் மேல் குறை ஒன்றும் இல்லை. அடுத்த மாதமும் அதேதான். பேங்குக்கு நேரில் போகலாம் என்றால் இரண்டு பஸ் மாற வேண்டும். எனக்கு லீவு கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமை பேங்க் திறந்திருக்காது. இப்படியே சில மாதம் போய்விட்டது.

அப்புறம் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் ஆபீஸில் விசாரித்தேன். எந்த ஆபீஸ் என்று எழுதப் போவதில்லை. அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். கம்ப்யூட்டரைப் பார்த்து, "தொடர்ந்து பணம் எடுக்கவில்லை, ஆள் ஊரில் இல்லை என்று போட்டு நிறுத்தியிருக்கிறார்கள்" என்றார். அம்மா அவருடைய மேஜைக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தார்.

இதே அம்மா ரேஷன் கடையில் கருவிழி மெஷினில் கண்ணைக் காட்டி மாதாமாதம் அரிசி வாங்குகிறார். ரேஷன் கடைக்கு ஊரில் இருக்கிற ஆள், பென்ஷனுக்கு மட்டும் ஊரில் இல்லை.

எங்கள் தெருவில் பீடி சுற்றிய கிழவிகள் நிறையப் பேர். வீடு வீடாகப் போய்க் கேட்டேன். விரல் சரியாக விழாதவர்கள் பதினொரு பேர். அதில் அம்மாவையும் சேர்த்து மூன்று பேருக்குப் பணம் அடியோடு நின்றிருக்கிறது.

போன வாரம் எம்.எல்.ஏ.விடம் ஒரு மனு கொடுத்தோம். "இது ஒருத்தர் ரெண்டு பேர் பிரச்சினை இல்லையே, சட்டசபையில் கேள்வியாகவே போடலாம். என்ன கேட்கணும்னு எழுதிக் கொண்டாம்மா" என்றார். எனக்கு எழுதத் தெரியவில்லை. என் தம்பி, இது டெல்லிப் பணம், எம்.பி.தான் கேட்கணும் என்கிறான். வி.ஏ.ஓ. ஸ்டேட் பணம் என்கிறார். யாரிடம், எந்தச் சபையில், எப்படி எழுதிக் கேட்பது? இந்த வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பழைய வடார்க்காடு:

அம்மா, வணக்கம். நான் வேலைக்குச் சேர்ந்தபோது நம் மாவட்டத்துக்கு வட ஆற்காடு என்று பெயர். 1989-ல் திருவண்ணாமலை பிரிந்தது, 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. நான் வருவாய்த் துறையில் எழுத்தராகத் தொடங்கி, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். என் உத்தியோகத்தில் பாதி நாள் இந்த மாதிரிக் கேள்விகளுக்குப் பதில் தயார் செய்வதிலேயே போயிற்று. அதனால் மேஜையின் இந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் உங்கள் அம்மா விஷயத்தையும் சட்டசபைக் கேள்வியையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி சபைக்கு வந்து பதில் வருகிறவரை அம்மா மாத்திரைக்குக் காத்திருக்க முடியாது. வி.ஏ.ஓ.விடம் உயிருடன் இருக்கிறார், இதே ஊரில் வசிக்கிறார் என்று சான்று வாங்குங்கள். அதை வைத்து, சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியருக்கு, நிறுத்தப்பட்ட ஓய்வூதியத்தைத் திரும்பக் கொடுக்கச் சொல்லி மனு எழுதுங்கள். அதன் நகலோடு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்திலும் ஒரு மனு கொடுத்து, மனு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். அந்த எண் இல்லாமல் வீடு திரும்பாதீர்கள். மற்ற இரண்டு பேருக்கும் இதேபோல் தனித்தனி மனு.

இனி கேள்விக்கு வருவோம். சட்டசபைக் கேள்வியை எங்கள் ஆபீஸ்களில் எல்.ஏ.கியூ. என்போம். கோட்டையில் துறைச் செயலகத்துக்கு வந்து, அங்கிருந்து சேப்பாக்கம் ஆணையர் அலுவலகம், கலெக்டர், தாசில்தார், ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), வி.ஏ.ஓ. என்று இறங்கி வரும். பதில் அதே படியில் திரும்ப ஏற வேண்டும். எல்.ஏ.கியூ. என்று மேலே எழுதிய தபால் வந்தால் மற்ற ஃபைலை எல்லாம் ஓரம் தள்ளிவிட்டு அதை எடுப்போம். மந்திரி எழுந்து நின்று படிக்கப் போகிற பதில் அல்லவா, கீழே ஒருவர் தவறாக எழுதினால் அது மேலே வரைக்கும் போகும்.

ஆனால் எல்லாக் கேள்விக்கும் அந்த மரியாதை கிடைத்தாலும், எல்லாக் கேள்வியும் வேலை வாங்காது. இரண்டு கேள்விகளை நான் மறக்கவே மாட்டேன். ஒன்று, "இந்த வட்டத்தில் விடுபட்ட முதியோருக்கு ஓய்வூதியம் வழங்க அரசு ஆவன செய்யுமா?" என்று வந்தது. உட்கார்ந்த இடத்திலேயே எழுதினேன்: "தகுதியுள்ள அனைவருக்கும் விதிகளின்படி வழங்கப்பட்டு வருகிறது." அடுத்த உட்பிரிவுக்கு "இவ்வினா எழவில்லை." இருபது நிமிஷம் ஆகியிருக்கும். ஒருவரும் ஒரு கிராமத்துக்கும் போகவில்லை. அதை எழுதியவன் நான்தான்.

இன்னொன்று, வேறொரு தாலுகாவில் நான் இருந்தபோது வந்தது. "கடந்த ஓராண்டில் ஓய்வூதியம் நிறுத்தப்பட்டவர்கள் எத்தனை பேர், காரணம் வாரியாக" என்று கேட்டிருந்தார்கள். இதற்கு உட்கார்ந்த இடத்தில் பதில் எழுத முடியாது. பதிவேட்டை எடுத்தோம். காரணம் போடாத வரிகள் இருந்தன. வி.ஏ.ஓ.க்களைக் கூப்பிட்டு, ஒவ்வொரு பெயருக்கும் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னார் தாசில்தார். இறந்துவிட்டார் என்று எழுதியிருந்த ஒரு அம்மா வாசலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்ததாக ஒரு வி.ஏ.ஓ. வந்து சொன்னார். அந்தப் பட்டியலை அப்படியே மேலே அனுப்ப யாருக்குத் தைரியம் வரும்? பதில் கிளம்புவதற்கு முன்னாலேயே அப்படி நிறுத்தப்பட்டவர்களுக்கெல்லாம் திரும்ப ஆணை போட்டுவிட்டார் தாசில்தார். அந்தக் கேள்விக்குச் சபையில் நேரம் கிடைத்ததா, மந்திரி படித்தாரா என்று எனக்குத் தெரியாது. அந்த அம்மாவுக்குப் பணம் வந்தது தெரியும்.

அதனால் உங்கள் எம்.எல்.ஏ.விடம் "ஆவன செய்யுமா" என்று முடிகிற கேள்வியைக் கொடுக்காதீர்கள். எண்ணிக்கை கேளுங்கள், காரணம் வாரியாகக் கேளுங்கள், வட்டம் வாரியாகக் கேளுங்கள், தேதி கேளுங்கள். எண்ணிப் பார்த்தால்தான் பதில் எழுத முடியும் என்கிற மாதிரி இருக்க வேண்டும். அம்மாவின் பெயர் கேள்வியில் வரக் கூடாது, வந்தால் தனிநபர் குறை என்று ஒதுக்கிவிடுவார்கள்.

இதே காரணத்துக்காக இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சட்டமன்ற மனுக்கள் குழு மாவட்டத்துக்கு வரும்போது மனு கொடுக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். அந்தக் குழு பல ஆண்டாகத் தீராத பொதுப் பிரச்சினையை மட்டும்தான் எடுக்கும். முதியோர் ஓய்வூதியம் வேண்டும், பட்டா வேண்டும் என்கிற தனி மனுக்களை எடுப்பதில்லை என்று அவர்கள் அறிவிப்பிலேயே போட்டிருப்பார்கள். "எங்கள் ஊரில் விரல் ரேகை விழாத முதியவர்களுக்கு மாற்று வழி இல்லை" என்று எழுதினால் அது பொதுப் பிரச்சினை. எழுதுகிற விதத்தில் இருக்கிறது.

---

சத்துவாச்சாரி:

பெரியவர் சொன்னதில் எனக்குச் சேர்க்க வேண்டியது எம்.பி. பக்கம் மட்டும்தான். உங்கள் தம்பி சொல்வதும் வி.ஏ.ஓ. சொல்வதும் இரண்டுமே பாதி சரி, அக்கா.

இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தில் இருக்கிறவர்களுக்கு, 60 முதல் 79 வயது வரை மத்திய அரசு தருவது மாதம் 200 ரூபாய். 80 வயதானால் 500. மீதியை மாநில அரசு போடுகிறது. உங்கள் அம்மா அந்தத் திட்டத்தில் இருந்தால் 1,200-ல் 200 டெல்லி, 1,000 சென்னை. இந்த 200 பதினைந்து வருஷத்துக்கு மேலாக அப்படியேதான் இருக்கிறது. தமிழ்நாட்டில் இந்த ஓய்வூதியம் 1962-ல் 20 ரூபாயில் தொடங்கியது. 2011-ல் 1,000 ஆனது, 2023-ல் 1,200. டெல்லிப் பங்கு மட்டும் நகரவில்லை. அம்மா எந்தத் திட்டத்தில் இருந்தார் என்பது அவருடைய ஆணையில் எழுதியிருக்கும், எடுத்துப் பாருங்கள்.

200-ஐ ஏன் உயர்த்தவில்லை, எப்போது உயர்த்துவீர்கள் என்பது மக்களவைக் கேள்வி, ஊரக வளர்ச்சி அமைச்சகத்துக்குப் போக வேண்டியது. எங்கள் ஊரில் ஏன் நிறுத்தினார்கள் என்பது சட்டசபைக் கேள்வி, வருவாய்த் துறைக்குப் போக வேண்டியது. இரண்டையும் ஒரே தாளில் எழுதினால் இரண்டு இடத்திலும் நிற்காது. மத்திய அரசின் பொறுப்பில் இல்லாத விஷயம் என்று மக்களவையில் தள்ளிவிடுவார்கள்.

மக்களவை விதிகள் கறாரானவை. குறைந்தது 15 நாள் முன்னால் கொடுக்க வேண்டும். கேள்வி 150 சொல்லுக்குள் இருக்க வேண்டும். வாதம், ஏளனம், பழிச்சொல் எதுவும் இருக்கக் கூடாது. ஒரு நாளைக்கு மந்திரி நேரில் பதில் சொல்கிற, நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20 மட்டும்தான், அதுவும் குலுக்கலில் வர வேண்டும். எழுத்தில் பதில் தருபவை 230. நேரில் பதில் வருகிற கேள்வி என்றால் உறுப்பினர் எழுந்து துணைக் கேள்வி கேட்கலாம். அது பெரிய வசதி. ஆனால் எழுத்துப் பதில் வந்தாலும் குறைவாக நினைக்காதீர்கள். பதில்கள் எல்லாம் நாடாளுமன்ற இணையதளத்தில் ஏறிவிடும், யாரும் எடுத்துப் படிக்கலாம். நான் வேலூர்க்காரன் என்பதால் வேலூர், அரக்கோணம் இரண்டு எம்.பி. கேள்விகளையும் தேடிப் படிக்கிற பழக்கம் உண்டு.

இதைப் படிக்கிற காட்பாடிக்காரர்களுக்கு ஒன்று. நீங்கள் வேலூர் மாவட்டம்தான், ஆனால் உங்கள் எம்.பி. அரக்கோணம் தொகுதி. வேலூர் மக்களவைத் தொகுதியில் வருவது வேலூர், அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம், வாணியம்பாடி, ஆம்பூர். தவறான எம்.பி.யிடம் மனுவைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பீடித் தொழிலாளர் என்றீர்களே, அதற்கென்றே எம்.பி. ஒரு கேள்வி கேட்கலாம். 1976-ல் வந்த சட்டப்படி பீடிக்கு வரி வாங்கி அதிலிருந்து பீடித் தொழிலாளர் நல நிதி நடந்தது. ஜி.எஸ்.டி. வந்தபோது 2017-ல் அந்த வரியை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு நம் மாவட்டத்துப் பீடித் தொழிலாளர்களுக்கு என்ன செலவு செய்தீர்கள், ஆண்டு வாரியாகச் சொல்லுங்கள் என்று தொழிலாளர் அமைச்சகத்தைக் கேட்கலாம். இதுவும் தனித் தாளில்.

---

ஆர்.டி.ஐ. நண்பன்:

கேள்வி, பதில், குலுக்கல் என்று அலைவதற்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் நேராகக் கேட்டுவிடலாமே. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பினால் 30 நாளில் பதில் தர வேண்டும். தரவில்லை என்றால் முதல் மேல்முறையீடு. எம்.எல்.ஏ. தயவு எதற்கு?

---

பழைய வடார்க்காடு:

தம்பி, அதையும் போடச் சொல்லுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன். ஆனால் இரண்டும் ஒரே வேலையைச் செய்வதில்லை. ஆர்.டி.ஐ. இருக்கிற காகிதத்தைத் தரும். எண்ணாததை எண்ணச் சொல்லவோ, கருவிழிக் கருவி எப்போது வரும் என்று அரசை வாக்குக் கொடுக்கச் சொல்லவோ அதற்கு அதிகாரம் இல்லை. சபையில் மந்திரி ஒரு தேதி சொல்லிவிட்டால் அது அரசு கொடுத்த உறுதிமொழி. அதை நிறைவேற்றினார்களா என்று பார்க்கச் சட்டமன்றத்திலேயே அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது, மாவட்டத்துக்கு வந்து நேரில் ஆய்வு செய்வார்கள். அந்தக் குழு வருகிறது என்றால் நாங்கள் ராத்திரி எல்லாம் ஃபைல் தேடியிருக்கிறோம்.

ஆர்.டி.ஐ.யில் வருகிற எண்ணை எம்.எல்.ஏ. கையில் கொடுத்தால், துணைக் கேள்வி கேட்க அவருக்கு அதுதான் ஆயுதம். ஆகவே இன்றே ஸ்டாம்ப் வாங்கி ஒட்டட்டும்.

---

அணைக்கட்டு அக்கா:

மகளே, உங்கள் அம்மா கதையைப் படித்துவிட்டு என் மாமியார் நினைவு வந்துவிட்டது. அவர் பீடி இல்லை, கல்லுடைத்த கை. அவருக்கும் விரல் விழவில்லை. நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். ஆதார் மையத்தில் கைரேகையையும் கருவிழியையும் புதிதாகப் பதிந்தோம், போன் நம்பரையும் சேர்த்தோம். அப்புறம் பேங்கில் பாஸ்புக்கோடு நேரில் போய் மேனேஜரைப் பார்த்து, விரல் விழாதவர் என்று எழுதிக் கொடுத்தோம். கணக்கில் ஏறிய பணத்தை அங்கேயே கொடுத்துவிட்டார்கள். உங்கள் அம்மா கணக்கிலும் நிறுத்துவதற்கு முந்தின சில மாதப் பணம் ஏறியிருக்கலாம், பாஸ்புக்கை என்ட்ரி போட்டுப் பாருங்கள். விரல் விழாவிட்டால் கண், ஓ.டி.பி. என்று வேறு வழியில் கொடுக்க வேண்டும், அதனால் ஒருவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று ஆதார் ஆணையமே 2017-ல் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனது எங்களுக்கு உதவியது.

நீங்கள் கேள்வி எழுதும்போது எங்கள் மலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை, இந்த மூன்று மலைப் பஞ்சாயத்திலும் விரல் நன்றாக இருந்தாலும் சிக்னல் இல்லாத இடத்தில் மெஷின் வேலை செய்யாது. சிக்னல் கிடைக்கிற மேட்டுக்குக் கிழவன் கிழவி எல்லாம் ஏறி வர வேண்டியிருக்கிறது. எங்கள் எம்.எல்.ஏ.விடமும் இதே தாளைக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். இரண்டு தொகுதியிலிருந்து ஒரே கேள்வி போனால் தப்பா?

---

பழைய வடார்க்காடு:

தப்பே இல்லை. நல்லது. ஆனால் வரிக்கு வரி ஒரே கேள்வியாக இருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிடுவார்கள். உங்கள் தாளில் மலையை முன்னால் வையுங்கள். அடுத்த கிராம சபையில் இதை ஒரு தீர்மானமாகவும் போடுங்கள். மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, எந்த நாள் கிட்டே வருகிறதோ அன்றைக்கு. தீர்மான நகலை எம்.எல்.ஏ.விடம் கொடுத்தால் அவர் கேட்பது ஊர் கேட்பதாக இருக்கும்.

---

பீடிக்கார அம்மாவின் மகள்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்து எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டு அணைக்கட்டு அக்கா சொன்ன மாதிரி பாஸ்புக்கை என்ட்ரி போட்டோம். நிறுத்துவதற்கு முன்னால் மூன்று மாதப் பணம் ஏறி அப்படியே கிடக்கிறது. 3,600 ரூபாய். அதைக் கையில் வாங்கிக்கொண்டு வந்தோம். அம்மா பஸ்ஸில் ஏறியதும் முந்தானையை அவிழ்த்து மறுபடி எண்ணிப் பார்த்தார். ஆணையையும் தேடி எடுத்துவிட்டேன், சத்துவாச்சாரி தம்பி சொன்ன இந்திரா காந்தி திட்டம்தான். வி.ஏ.ஓ. சான்றும் கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை வேலூர் போய் மனு கொடுத்து எண் வாங்குகிறேன்.

எம்.எல்.ஏ.வுக்கு இப்படி எழுதியிருக்கிறேன். ஐயா, தப்பிருந்தால் திருத்துங்கள்.

(அ) வேலூர் மாவட்டத்தில் கடந்த இரண்டு நிதியாண்டுகளில் முதியோர் ஓய்வூதியம் நிறுத்தப்பட்டவர்கள் எத்தனை பேர்; வட்டம் வாரியாகவும் காரணம் வாரியாகவும் விவரம் என்ன;

(ஆ) அவர்களில் தொடர்ந்து பணம் பெறவில்லை என்றும், ஊரில் இல்லை என்றும் நிறுத்தப்பட்டவர்கள் எத்தனை பேர்; நிறுத்துவதற்கு முன் எத்தனை பேர் வீட்டுக்கு அலுவலர் நேரில் சென்று விசாரித்தார்;

(இ) பீடி சுற்றுதல், கல்லுடைத்தல் போன்ற வேலைகளால் விரல் ரேகை தேய்ந்தவர்களுக்கு, நியாயவிலைக் கடையில் உள்ளதுபோல் கருவிழிப் பதிவுக் கருவி மூலம் ஓய்வூதியம் வழங்கப்படுகிறதா; இல்லையெனில் எந்தத் தேதிக்குள் வழங்கப்படும்;

(ஈ) உயிருடன் ஊரில் இருந்தும் ஓய்வூதியம் நிறுத்தப்பட்டவர்களுக்கு நிறுத்தப்பட்ட மாதங்களுக்கான தொகை கொடுக்கப்படுமா?

200 ரூபாய் விஷயத்தையும் பீடி நல நிதி விஷயத்தையும் எம்.பி.க்குத் தனித்தனித் தாளில் எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றும் நூறு சொல்லுக்குள் வந்துவிட்டது.

---

பழைய வடார்க்காடு:

நன்றாக எழுதியிருக்கிறீர்கள் அம்மா. (ஆ)வில் "எத்தனை பேர் வீட்டுக்கு நேரில் சென்று" என்று எண்ணிக்கை கேட்டீர்கள் பாருங்கள், அதற்கு நாற்காலியில் உட்கார்ந்து பதில் எழுத முடியாது. (ஈ) மட்டும் "கொடுக்கப்படுமா" என்று நிற்கிறது. "இதுவரை எத்தனை பேருக்கு நிலுவைத் தொகை கொடுக்கப்பட்டுள்ளது, மீதியுள்ளவர்களுக்கு எப்போது கொடுக்கப்படும்" என்று மாற்றிவிடுங்கள். மற்றபடி கைவைக்க ஒன்றும் இல்லை.

பதினொரு பேரின் பெயர், வயது, ஓய்வூதிய எண், கடைசியாகப் பணம் வாங்கிய மாதம் எல்லாம் ஒரு பட்டியலாக எழுதிப் பின்னால் வையுங்கள். அது கேள்வியோடு சபைக்குப் போகாது, எம்.எல்.ஏ. கையில் இருக்கட்டும். துணைக் கேள்விக்கு எழுந்திருக்கும்போது பார்த்துக்கொள்வார்.

---

பீடிக்கார அம்மாவின் மகள்:

பட்டியல் போட்டுவிட்டேன் ஐயா. நேற்று சாயங்காலம் கோயில் திண்ணையில் எல்லாரையும் உட்கார வைத்து எழுதினேன். இரண்டு பேருக்குத்தான் கையெழுத்துப் போடத் தெரியும். மீதி ஒன்பது பேரிடமும், என் அம்மாவையும் சேர்த்து, ஸ்டாம்ப் பேடில் கைநாட்டு வாங்கினேன். ஒரு விரலில்கூடக் கோடு விழவில்லை. ஒன்பது பெயருக்கு எதிரிலும் மை அப்பிய வட்டம் மட்டும்தான் இருக்கிறது, பொட்டு வைத்த மாதிரி. முதலில் மை அதிகமாகிவிட்டது என்று நினைத்து, வேறு தாளில் மறுபடி வைக்கச் சொன்னேன். அப்படியேதான் விழுந்தது. அந்த இரண்டாவது தாளையும் சேர்த்தே எம்.எல்.ஏ.விடம் கொடுக்கலாமா?

---

பழைய வடார்க்காடு:

இரண்டையும் கொடுங்கள் அம்மா. ஒரிஜினல் உங்களிடம் இருக்கட்டும், கலர் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுங்கள். தனி வட்டாட்சியருக்குப் போகிற மனுவிலும் ஒரு நகலை இணைத்துவிடுங்கள்.